கங்கம்மா பயந்த பிள்ளை

கங்கம்மா அத்தை என்னை ஒருமுறைகூட "வா" என்று கூப்பிட்டதில்லை. ஒன்பது வருடம் பயணிகள் கப்பல்களில் வேலை செய்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்று போன் செய்தால், "வந்து இன்னா பண்ணப் போற? அங்கியே எங்கனா சுத்திப் பாரு" என்பாள். நானும் லிஸ்பன், வல்பரைசோ, ஹோபார்ட் என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றினேன். வந்தபோதும் பத்து நாளைக்கு மேல் தங்கியதில்லை.

இந்த ஜனவரியில் அவளே போன் செய்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது. குரல் வெறும் காற்றாக வந்தது.

"அனு, வா. என் எடம் போவுது."

பட்டினப்பாக்கம் கரையில் அத்தையின் இடம் என்பது ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மணல். பதினோரு ஃபைபர் படகுகளின் மீன் அந்த மணலில்தான் கொட்டப்படும். கொட்டிய குவியலைப் பார்த்து முதல் விலையைச் சொல்லி ஏலம் விடுகிறவள் அத்தை. தராசு கிடையாது. முதல் விலை ஏறிப்போனால் வாங்க வந்தவர்கள் நகர்ந்துவிடுவார்கள், இறங்கிப்போனால் படகுக்காரன் வயிறு எரியும். கண்ணும் வாயும்தான் தொழில்.

அந்த இடம் முதலில் அவள் புருஷனுடையது. அவர் காய்ச்சலில் போனபோது அத்தைக்கு இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே படகுக்காரர்கள் வேறொரு ஆளைப் பேசி வைத்துவிட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை அத்தை புருஷனின் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு போய் அந்த மணலில் நின்றாள். "பொம்பள ஏலம் வுட்டா மீனு அழுவும்" என்று யாரோ சொன்னார்களாம். "அழுவட்டும், கொழம்புக்கு உப்பு மிச்சம்" என்று சொல்லிவிட்டு முதல் குவியலுக்கு விலை கூறினாள். அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருடம் அவளை யாராலும் அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

அவள் ஏலம் விடுவதை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். குவியல்மேல் யார் நிழலும் விழக்கூடாது, விழுந்தால் கத்துவாள். பிரியாணிக் கடைக்கு மீன் எடுக்கும் ஷாஹுல் ஹமீது குவியலை இரண்டு சுற்று சுற்றினால், "இன்னா பாய், மீனு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பாள். கரையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விலையை ஏற்றிவிடுவாள்.

என்னைக் கிட்டே விடமாட்டாள். அத்தை என் அப்பாவின் அக்கா, எதிர் வீடு. அப்பா ஜவஹர் இருந்தவரை அவள் பேச்சைத் தட்டியதே இல்லை. எனக்கு மூன்று நாள் பின்னால் பிறந்தவள் ஏஞ்சல், படகுக்காரர் செபஸ்தியான் மாமாவின் மகள். அவர்கள் வேதக்காரர்கள், சாந்தோம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஏஞ்சல் நாலு வயதிலிருந்தே அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். டீ வாங்கி வருவாள், கூடை நகர்த்துவாள், நண்டை விரலால் தள்ளி விளையாடுவாள். நானும் வருவேன் என்று அழுதால், அத்தை என் கையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கையில நாத்தம் ஏறக் கூடாது. நீ படிக்கிற பொண்ணு" என்பாள்.

ஷூ வாங்கிக் கொடுத்தாள். ஆறாம் வகுப்பில் செங்கல்பட்டுப் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்தாள். லீவில் வந்தால் கரைக்குப் போக நேரம் இராது, தி.நகரில் இங்கிலீஷ் பேசும் வகுப்பில் போட்டிருப்பாள். கப்பல் வேலை கிடைத்தபோது ரங்கநாதன் தெருவுக்கு அவளே கூட்டிப்போனாள். கடைக்காரர் மூன்று அளவில் பெட்டிகளைக் காட்டினார். நான் நடு அளவைத் தொட்டேன். "பெருசா எடு. அடிக்கடி வந்து வந்து துணி எடுத்துக்கினு போவத் தேவல" என்றாள். சக்கரம் வைத்த அந்தப் பெட்டியைக் கூட்டத்துக்குள் மாம்பலம் ஸ்டேஷன்வரை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். யார் காலில் ஏறினாலும் கவலைப்படவில்லை.

கப்பலில் உடன் வேலை செய்தவர்களிடம் நான் சொல்லாத நாள் இல்லை. சென்னையில் ஒருத்தி இருக்கிறாள், கடல் உப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தி என்னை உலகம் பார்க்க அனுப்பினாள் என்று.

அதனால்தான் "வா" என்றதும் வந்துவிட்டேன். அடுத்த ஒப்பந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. ஜன்னல் இல்லாத அறைகளில் தூங்கித் தூங்கி எனக்கும் அலுத்திருந்தது. ஒரு இடத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அத்தை பாதியாகியிருந்தாள். கழுத்தில் துண்டு. ஹவுசிங் போர்டு வீட்டின் இரண்டாம் மாடியில் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"மூணு மாசமா ஏஞ்சல் ஏலம் வுட்டுக்கினு கீறா. நான்தான் வுடச் சொன்னேன். இப்ப அவளுக்கே வேணும்னு போட்டுக்காரங்களக் கேட்டுக்கீறா. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. என் சோத்த துன்னு வளந்தவ" என்றபோது அந்தக் காற்றுக் குரலும் உடைந்தது.

"இப்ப நான் என்ன பண்ணணும் அத்த?"

"ஞாயித்துக்கெழம கூட்டம். ரத்த சொந்தம் ஒருத்தர் நிக்கிறேன்னா எடம் வெளிய போவாது, அதான் இங்க வழக்கம். என் தம்பியும் போய்ட்டான். நீதான். நிக்கிறேன்னு சொல்லு, போதும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மணலில் எனக்கு ஒரு இடம் உண்டு என்று இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக யாரோ சொல்கிறார்கள். அதுவும் அவளே சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனேன். ஏஞ்சல் அத்தையின் இடத்தில் நின்றிருந்தாள். ஆண்சட்டை போடவில்லை, டிராக் பேன்ட்டும் டீ ஷர்ட்டும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க ஃபாரின் மேடம். எடம் கேட்டு வந்துக்கீறியாமே? தோ, சங்கரா கொட்டிக் கீது. வெல சொல்லு பாப்போம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குவியல் எனக்குச் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு விலையைச் சொன்னேன். ஷாஹுல் ஹமீது, "அம்மா, இது மீனும்மா. நக இல்ல" என்றார். சிரிப்பு படகுவரை போனது. ஏஞ்சல் சிரிக்கவில்லை. சட்டென்று பாதிக்கும் கீழே ஒரு விலையைச் சொல்லி, நாலே மூச்சில் ஏற்றி, குவியலை அவர் தலையிலேயே கட்டினாள். அத்தையின் தாளம் அப்படியே இருந்தது, குரல்தான் வேறு.

படகுகள் வந்து முடிந்ததும் இரண்டு டீயோடு என்னிடம் வந்தாள்.

"கோவமா?"

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னா குடுத்துருமா? இருவத்தி நாலு வருசம் இதே டீய வாங்கிக் குடுத்துக்கீறேன். ஆபரேசனுக்குப் போறப்ப இன்னா சொல்லுச்சி தெரியுமா? 'நான் வர வரைக்கும் எடத்தப் பாத்துக்க, துட்டுல கை வெக்காத'ன்னுது. வூட்டுக்குக் காவல் போட்ட நாய்க்கி சொல்ற மாதிரி."

"அது உன்னை மகள் மாதிரி வளர்த்துது."

"வளத்துச்சி. எனக்குப் பல்லு வலிச்சாக்கூட அதுதான் தூக்கிக்கினு ஓடும். நான் இல்லன்னு சொல்லல." டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். "என்னாண்டேர்ந்து இது வரும்னு அது கனவுலயும் நெனைக்கல அனு. ஒன்னாண்டேர்ந்துதான் வரும்னு நெனச்சிக்கினு இருந்துது."

"எது வரும்?"

என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாவே ஒனக்குத் தெரியாதா? போய் ஒங்கம்மாவக் கேளு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அம்மாவின் பெயர் ஜோதிலட்சுமி. காலையில் அபிராமபுரத்தில் தெருத்தெருவாக மீன் விற்பாள். ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் அரிவாள்மனையில் உட்கார்ந்து சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தேன். கேட்டேன். செதில் தெறித்த முகத்தோடு நிமிர்ந்தாள்.

"ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

பிறகு மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் பிறந்த வருடம் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஒரு அம்மாவுக்கு அருள் வந்திருக்கிறது. அத்தையைக் கூட்டத்திலிருந்து இழுத்து நிறுத்தி வாக்குச் சொல்லியிருக்கிறாள். புரட்டாசிப் பௌர்ணமி தாண்டி எட்டு நாளைக்குள் இந்தக் கரையில் ஒரு பெண் பிறப்பாள், நீ நிற்கிற இடத்தை உன்னிடமிருந்து எடுப்பாள், நீ பார்த்துக்கொண்டே நிற்பாய் என்று.

"அப்ப எனக்கு ஏழாம் மாசம். செபஸ்தியான் பொஞ்சாதிக்கும் ஏழாம் மாசம். அந்த எட்டு நாளுக்குள்ள ரெண்டு பேருக்கும் பொண்ணு."

"அக்கா, சின்னத் துண்டா போடுங்க. மண்டைய தனியா வைங்க" என்றாள் வாசலில் நின்ற பெண்.

"போடறம்மா. மண்ட எங்க போவப் போவுது?" என்று அவளிடம் சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். "பத்து நாள் ஒங்கத்த சரியா துன்னல. ரெண்டு வூட்டுக்கும் வந்து வந்து பாக்கும். ஒன்னத் தூக்கி வெளிச்சத்துல வெச்சிப் பாக்கும், போய் அதத் தூக்கிப் பாக்கும். ஒரு ஞாயித்துக்கெழம ஏஞ்சலுக்கு மாதா கோயில்ல தண்ணி ஊத்தி பேரு வெச்சாங்க. அன்னிக்கி ராத்திரிதான் ஒங்கத்த வயிறு நெறைய சாப்ட்டுது."

"ஏன்?"

"வேதக்காரப் புள்ளயப் பத்தி நம்ம அம்மன் ஏன் பேசப் போறா? அப்ப மிச்சம் யாரு? நீதான். அப்டின்னு அதுவே முடிவு பண்ணிக்கிச்சி." கை நின்றது. "இத்தனிக்கும் செபஸ்தியான் பொஞ்சாதி ஆறு வருசம் புள்ளயில்லாம, அம்மன் கோயில்ல பால்கொடம் எடுத்துதான் ஏஞ்சலப் பெத்தா. ஒங்கத்ததான் கூட்டிக்கினு போச்சி. தன் கண்ணு முன்னால எடுத்த வேண்டுதல், அது ஞாபகத்துக்கே வரல."

"நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? நீ ஹாஸ்டலுக்குப் போவமாட்டேன்னு நின்னுருப்ப. பயந்துக்கினு படிக்க வெச்சா இன்னா, பாசத்துல படிக்க வெச்சா இன்னா? ஒங்கப்பா சம்பாத்தியத்துல எட்டாவது தாண்டியிருக்க மாட்ட." துண்டுகளை அள்ளிக் கவரில் போட்டாள். "எனக்கும் அப்ப அதுதான் சரின்னு பட்டுது. அழாத. வூட்டுக்காரங்க பாக்கிறாங்க."

நான் அழவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

கப்பலில் எனக்குக் குழந்தைகள் அறையில் வேலை. மழை நாட்களில் கதை சொல்லச் சொல்வார்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஒரு அரக்கி, அவளுக்கு ஒரு வாக்கு, ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகள், அதில் ஒன்றுதான் அவளை அழிக்கும், எது என்று தெரியாமல் அவள் ஒன்றை மட்டும் தேர்ந்து துரத்துவாள். எந்த ஊர்க் குழந்தையானாலும் இந்த இடத்தில் கையைத் தூக்கி ஒரே கேள்வியைக் கேட்கும்: இரண்டு பேரையும் ஒழித்துவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் ஒருத்தரை விட்டாள்? அரக்கிகளுக்கு அவ்வளவுதான் மூளை என்று சொல்லிச் சமாளிப்பேன். பிள்ளைகள் திருப்தியாகச் சிரிப்பார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

"சந்தேகம்னா ரெண்டு பேரையும் அனுப்பியிருக்கலாமே. ஏன் என்னை மட்டும்?"

கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுக் காற்றுக் குரலில் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் அனுப்பிட்டா எங்கூட யாரு இருப்பா? எனக்கும் ஒரு புள்ள வேண்டாவா?"

வேற்று வீட்டுப் பெண்ணைப் பிள்ளையாக வைத்துக்கொள்ளவும், தம்பி பெண்ணைப் பார்த்துப் பயப்படவும் அவள் தீர்மானித்தபோது எனக்கு வயது பத்து நாள்.

"இப்ப இன்னான்ற? ஒன்ன அடிச்சேனா? பட்டினி போட்டேனா? நல்ல எடமாப் பாத்துதான அனுப்ச்சேன்" என்றாள்.

"ஆமாம் அத்த."

"அப்புறம் இன்னா?"

அடித்திருந்தால் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும். ஷூவையும் இங்கிலீஷ் வகுப்பையும் ஹாஸ்டலுக்கு அவள் கொண்டுவந்த முறுக்கையும் எடுத்து, மறுபக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது தெரிந்தது. என் கையை அவள் முகர்ந்து பார்த்தது அன்பு என்று நினைத்திருந்தேன். நான் மீனைத் தொட்டேனா என்று சோதித்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம மறந்துறாத. நாலு மணிக்கி" என்றாள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வாக்கில் சொன்ன பெண் ஏஞ்சல்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது, ஆகவே நான் வெறும் ரத்த சொந்தம். என்னை வைத்து அவளை நகர்த்த வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏலம் விடக் கற்றுக்கொள்ளலாம், ஒரு வருடம் ஆகும், சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். நான் ஆசைப்பட்ட கரை, ஆசைப்பட்ட இடம். கப்பலுக்குத் திரும்ப வேண்டாம். இத்தனை வருடம் தள்ளி வைத்தவளே கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்துகிறாள். வாங்கிக்கொள்வதற்கு என்ன? அப்படியும் நினைத்தேன். அடுத்த நிமிடமே, அவள் ஏஞ்சலைப் பற்றிச் சொன்னபோது உடைந்த குரல் ஞாபகம் வந்தது. என்னை அனுப்பிய எந்த நாளிலும் அந்தக் குரல் உடைந்ததில்லை.

கூட்டம் வலை பின்னும் கொட்டகையில். படகுக்காரர்கள் பதினோரு பேர், நடுவில் பெரியவர் ஏசுராஜ். அத்தை புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏஞ்சல் தூணோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா செபஸ்தியான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏசுராஜ் தொண்டையைச் செருமினார். "கங்கம்மாவால இனிமே முடியாது. அதுல யாருக்கும் சந்தோசம் இல்ல. எடம் அது குடும்பத்து எடம். ஜவஹர் பொண்ணு வந்துக்கீது. வழக்கப்படி மொதல்ல அதக் கேக்கணும். இன்னாம்மா, நீ நிக்கிறியா?"

அத்தை என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள். சொல்லு என்று.

"இல்ல" என்றேன்.

கொட்டகையில் சலசலப்பு. ஏசுராஜ் கையைத் தூக்கினார். "யோசிச்சி சொல்லும்மா. நீ வுட்டா திரும்பி வராது."

"எனக்கு ஏலம் விடத் தெரியாது மாமா. முந்தாநாள் எல்லாரும் பாத்தீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அத்த என்னை அனுப்பிச்சு. தெரிஞ்சவ அங்க நிக்கிறா. எங்க குடும்பத்துல இருந்து யாரும் கேக்கல. அவளே நிக்கட்டும்."

நியாயத்துக்காகப் பேசினேன் என்று சொல்லமாட்டேன். ஏஞ்சல்மேல் எனக்கு அப்போது பிரியம் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் இருப்பவளுக்கு ஒருமுறை வலிக்க வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

பதினோரு கைகளும் உயர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. செபஸ்தியான் கடைசியாகத் தூக்கினார். ஏஞ்சல் ஓடிவந்து அத்தையின் காலில் விழுந்தாள். அத்தை காலை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் ஏஞ்சலைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ கேக்கதான் செஞ்சா. எடுத்துக் குடுத்தது நீ" என்றாள். "அந்தப் பொண்ணு நீதான்னு அப்பவே நான் சரியாத்தான் புடிச்சிக்கீறேன்."

அதில் கோபம் இல்லை. ஒரு குவியலைப் பார்த்துச் சொன்ன விலை கடைசியில் சரியாக அமைந்துவிட்டவளின் நிம்மதி இருந்தது. நீ பயந்ததால்தான் நான் இப்படி ஆனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அது புரியாது என்று தெரிந்தது, சொல்லவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். ஹவுசிங் போர்டு படியில் முதல் திருப்பத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டினேன். ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக. என்னைக் கண்டு பயப்பட அவளிடம் இனி எதுவும் மிச்சமில்லை. முழு கனத்தையும் என்மேல் போட்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

இரண்டாம் மாடி வரும்வரை, கையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.